வெளிப்பக்கக் கைப்பிடி

பழைய ஆங்கிலேய ரயில் பெட்டி ஒன்றின் கதவை உள்ளே இருந்து திறப்பதற்கு ஒரு முறை உண்டு. கதவில் தொங்கும் தடித்த தோல்வாரை இழுத்து, அதன் துளையைப் பித்தளைக் குமிழிலிருந்து விடுவிக்க வேண்டும். வாரைத் தளர்த்தினால் கண்ணாடிச் சன்னல் கதவின் வயிற்றுக்குள் இறங்கும். அந்த இடைவெளி வழியாகக் கையை வெளியே விட்டுத் தடவி, கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உட்பக்கத்தில் கைப்பிடி கிடையாது. அறையின் இரு புறமும் இப்படி ஒரு கதவு. நடுவே எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். அடுத்த அறைக்குப் போக வழியில்லை. வண்டி ஒரு நிலையத்தை விட்டுக் கிளம்பி அடுத்த நிலையத்தில் நிற்கும்வரை உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் அடைபட்டவர்கள்.

இந்தத் தோல்வாரையும் கைப்பிடியையும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சரிபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் தெற்கே சஸெக்ஸ் பகுதியில் உள்ள புளூபெல் ரயில்வேயின் தன்னார்வலர்கள் அவர்கள். சுமார் 11 மைல் நீளப் பாதை, நீராவி எஞ்சின்கள், நூறு ஆண்டைத் தாண்டிய மரப்பெட்டிகள் என்று ஓடிக்கொண்டே இருக்கும் அருங்காட்சியகம் அது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் ரயில்கள் முடிந்ததும் ஓட்டம் ஓய்கிறது. வசந்தத்தில் அந்தப் பக்கத்துக் காடுகளில் நீல மணிப்பூக்கள் பூக்கும். பாதையின் பெயரே அந்தப் பூவிலிருந்து வந்ததுதான். பூக்கள் வருவதற்குள் பெட்டிகள் தயாராக வேண்டும். ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் நிலையத்தை ஒட்டிய பணிமனையில், சம்பளம் பெறும் சில தொழிலாளர்களோடு கூலி வாங்காத பலர் சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறார்கள்.

மரப்பெட்டி மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். கூரைப் பலகைகளின்மேல் கேன்வாஸ் துணியைப் பெயின்டில் பதித்து இழுத்து அறைந்திருப்பார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், நீர் உள்ளே இறங்கிச் சட்டங்களின் அடியை மட்க வைத்துவிடும். மட்கிய துண்டை அறுத்தெடுத்து அதே வகை மரத்தில் புதுத்துண்டு செதுக்கிப் பொருத்த வேண்டும். பக்கப் பலகைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்து, மேலே வார்னிஷ் பூச வேண்டும். ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அச்சுகளுக்கு எண்ணெய் விட வேண்டும், பிரேக்கைச் சோதிக்க வேண்டும். இருக்கையைப் பிரித்தால் உள்ளே குதிரைமுடி இருக்கும். அதைச் சிக்கெடுத்து அடைத்து, ஸ்பிரிங்குகளை இழுத்துக் கட்டி, மேலே தடித்த பூந்துணியைத் தைக்க வேண்டும். தலைக்கு மேலே சாமான் வைக்கும் கயிற்று வலையைப் பின்ன வேண்டும். கடைசியாகப் பித்தளையைத் துலக்க வேண்டும்.

இந்த வேலைகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. துடைத்தல், தேய்த்தல், தைத்தல், பின்னுதல், துலக்குதல். வீட்டுக்குள் பெண்கள் செய்தால் இவற்றுக்கு வேலை என்ற பெயரே இல்லை. ரயில் நிறுவனத்துக்குள் பெண்கள் செய்தபோது அடிமட்டக் கூலி இருந்தது. நூறு ஆண்டு கழித்து விருப்பத்தின் பேரில் செய்யும்போது இவற்றின் பெயர் மரபுப் பாதுகாப்பு. விடுமுறை நாளைத் தேய்ப்புத்தாளோடு கழிக்கிற அந்த மனிதர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தமிழில் துடைத்தல் என்பதும் துலக்குதல் என்பதும் வேறு வேறு. ஒன்று நீக்குவது, மற்றொன்று தெரிய வைப்பது. ஒரு பழைய பெட்டியைத் தயார் செய்யும்போது எந்த வரலாறு துடைக்கப்படுகிறது, எது துலங்குகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

முதலில் பாதையே எப்படித் தப்பியது என்று பார்ப்போம். லூயிஸிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் செல்லும் இந்தப் பாதை 1882இல் திறக்கப்பட்டது. வருமானம் இல்லை என்று 1955 மே மாதம் பிரிட்டிஷ் ரயில்வே அதை மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் முனகினார்கள். செய்லி என்ற ஊரில் வாழ்ந்த மேட்ஜ் பெஸ்மர் முனகுவதோடு நிற்கவில்லை. மலிவாக எஃகு செய்யும் முறையைக் கண்டுபிடித்து உலகமெங்கும் எஃகுத் தண்டவாளம் போட வழிசெய்த ஹென்றி பெஸ்மரின் பேத்தி அவர். தாத்தா இரும்பை உருக்கினார். பேத்தி சட்டத்தைப் படித்தார்.

இந்தப் பாதையைப் போட அனுமதித்த 1870களின் நாடாளுமன்றச் சட்டத்தைத் தேடி எடுத்து வாசித்தபோது ஒரு பிரிவு அவர் கண்ணில் பட்டது. பாதையின் குறிப்பிட்ட நிலையங்களில் நின்றுசெல்லும்படி நாளொன்றுக்கு நான்கு ரயில்களை ஓட்டியே ஆக வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அதை யாரும் நீக்கியிருக்கவில்லை. அதாவது பாதையை மூடியதே சட்டத்துக்குப் புறம்பானது. நாடாளுமன்றம்வரை பிரச்சினை போனது. வேறு வழியில்லாமல் 1956 ஆகஸ்ட் 7 அன்று ரயில் மீண்டும் ஓடியது. ஆனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓடியது. யாருக்கும் பயன்படாத நேரங்களில் வண்டிகள் வந்தன. சட்டத்தில் பெயரில்லாத பார்கோம், கிங்ஸ்கோட் நிலையங்களில் நிற்காமலே போயின. மக்கள் அதற்கு ‘சிடுசிடு சேவை’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு நாடாளுமன்றத்தில் அந்தப் பிரிவை நீக்கிவிட்டு 1958 மார்ச்சில் பாதையைச் சட்டப்படியே மூடினார்கள்.

பெஸ்மர் தோற்றுவிட்டார் என்று இதை வாசிக்கலாம். ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த அந்த இரண்டாண்டு அவகாசத்தில் பாதையின் கதை நாடறிந்ததாகிவிட்டது. 1959 மார்ச்சில், இருபதை ஒட்டிய வயதுள்ள சில இளைஞர்கள் முன்னெடுத்த கூட்டத்தில் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 1960 ஆகஸ்ட் 7 அன்று, அதாவது சிடுசிடு சேவை தொடங்கிய அதே தேதியில், தன்னார்வலர்களின் முதல் ரயில் புறப்பட்டது. தண்டவாளம் பெயர்க்கப்படாமல் காத்தவர்களின் வரிசையில் முதல் பெயர், பழைய சட்டப் புத்தகத்தின் முன் அமர்ந்து பொறுமையாக வாசித்த ஒரு பெண்ணின் பெயர். ஆவணத்தை வாசிப்பதும் பராமரிப்பு வேலைதான். மாணவிகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வேன்.

*

பெட்டிகள் பிழைத்த கதை வேறு. நான்கு சக்கர விக்டோரியா காலப் பெட்டிகளின் சேவைக்காலம் முடிந்ததும், முதல் உலகப் போரை ஒட்டியும் அதன் பின்னரும் அவற்றைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மலிவு விலைக்கு விற்றார்கள். வீடு கட்ட வசதியில்லாதவர்கள் வாங்கினார்கள். சஸெக்ஸ் கடற்கரையில் ஷோரம், பாகம், செல்ஸி ஆகிய இடங்களில் இப்படிப் பெட்டி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. இரண்டு பெட்டிகளை எதிரெதிரே நிறுத்தி நடுவே கூரை போட்டால் நடுவில் கூடம், பக்கவாட்டில் சிறு சிறு அறைகள். ரயிலின் கதவே படுக்கையறைக் கதவு. ஷோரம் குடியிருப்பின் பெரும்பகுதியை 1940இல், ஜெர்மானியர் கரையிறங்கலாம் என்ற அச்சத்தில் ராணுவம் இடித்துத் தள்ளியது. மற்ற இடங்களில் சில வீடுகள் நிலைத்தன.

இன்று புளூபெல் உட்படப் பல பாதைகளில் மெருகோடு நிற்கும் பெட்டிகளில் எத்தனையோ இப்படி வீடாகவும் தோட்டத்துக் கொட்டகையாகவும் கிடந்து மீட்கப்பட்டவை. மேலே இன்னொரு கூரை இருந்ததால் மழை படவில்லை. உள்ளே ஆள் குடியிருந்ததால் ஒழுகிய இடம் உடனே அடைபட்டது. தண்டவாளத்திலேயே இருந்த அவற்றின் கூட்டாளிகள் விறகாகிப் போயின. பணிமனைக்கு வந்து சேர்ந்ததும் தன்னார்வலர்கள் முதலில் செய்வது சுவர்த்தாளையும், அடுக்கடுக்கான வீட்டுப் பெயின்டையும் உரித்தெடுப்பது. சமையலறைக்காக வெட்டிய சுவரைத் திரும்ப வைப்பது. அடியில் முதல் நிறம் தென்படும்போது எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். ஆனால் உரிந்து விழுகிற அந்தச் சுவர்த்தாள் யார் ஒட்டியது? ரயில் நிறுவனத்துக்கு அந்தப் பெட்டி முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தது. அதன் பிறகு ஒரு குடும்பத்துக்கு அதைவிட நீண்ட காலம் உழைத்திருக்கும். குளிர் புகாமல் அதைக் காத்துவந்த இல்லத்தரசிகளின் கை இல்லாவிட்டால், மீட்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. உரிப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து, அந்தச் சுவர்த்தாளின் ஒரு துண்டைச் சட்டமிட்டு அதே பெட்டியில் மாட்டி வைத்தால் பெட்டியின் வயது முழுமையாகும்.

*

பெட்டியை முதலில் செய்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஸ்விண்டன் தொழிற்சாலை 1870களில் பெண்களை வேலைக்கு எடுத்தது. இருக்கை உறைகளைத் தைப்பதும் மரத்துக்கு மெருகேற்றுவதும் அவர்களுடைய வேலை. அவர்களில் பலர் அங்கேயே வேலை செய்த ஆண்களின் மகள்கள். ஆண்களோடு கலந்துவிடக் கூடாது என்று அவர்களுக்குத் தனி வாசல் வைத்தார்கள். கொல்லனும் தச்சனும் பயிற்சி பெற்ற கைவினைஞர்கள் என்று பதிவாயினர். ஊசி பிடித்தவளின் திறமை பிறவியிலேயே வந்தது என்பதுபோல் கூலி குறைந்தது. தையல் தெரியாமல் பிறந்து கற்றுக்கொண்ட எனக்கு அது பிறவித் திறமை இல்லை என்று நன்றாகவே தெரியும்.

1914இல் பிரிட்டிஷ் ரயில்வேக்களில் சுமார் 13,000 பெண்கள் வேலை பார்த்தார்கள். போர் முடியும்போது அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 70,000. ஆண்கள் போர்முனைக்குப் போனதும் பெண்களுக்கு முதலில் திறந்துவிடப்பட்ட வேலைகளில் ஒன்று பெட்டி கழுவுதல். வாளியும் நீளக் கம்பு வைத்த தூரிகையுமாக அவர்கள் நிற்கும் போர்க்காலப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. ரயில்வே தொழிலாளர் சங்கம் 1915இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றது. போருக்குப் பிறகு ஆண்கள் தங்கள் இடத்துக்குத் திரும்புவார்கள் என்பது முதலிலேயே எழுதப்பட்ட நிபந்தனை. அப்படியே நடந்தது. இரண்டாம் போரில் பெண்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதன் பின்னும் பெரும்பாலானவர்களுக்கு வீட்டுக்குப் போகும் வழி காட்டப்பட்டது. லண்டன் சுரங்க ரயிலை ஓட்ட முதன்முதலாக ஒரு பெண், ஹன்னா டாட்ஸ், அமர்ந்தது 1978இல்.

இன்று பிரிட்டனின் மரபு ரயில் பாதைகளில் பெண்கள் கரி அள்ளிப் போடுகிறார்கள், எஞ்சின் ஓட்டுகிறார்கள், சிக்னல் அறையில் நெம்புகோலை இழுக்கிறார்கள், மெத்தை தைக்கிறார்கள். அதே மெத்தையை ஆண்களும் தைக்கிறார்கள். இது நல்ல மாற்றம். ஒரு ஆண் குதிரைமுடியைச் சிக்கெடுத்துப் பார்த்தால்தான் அதில் எத்தனை மணி நேரம் போகிறது என்று அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்துகொண்டவர், முன்பு அதைச் செய்தவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்றும் ஒருமுறை கேட்க வேண்டும்.

*

இப்போது கதவுக்குத் திரும்புவோம்.

1864இல் லண்டன் ரயில் ஒன்றின் அடைபட்ட அறைக்குள் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கி அதிகாரி தாக்கிக் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் ரயிலில் நடந்த முதல் கொலை அது. நாடே பதறியது. நான்கே ஆண்டுகளில், 1868இல், ஒரு சட்டம் வந்தது. நிற்காமல் 20 மைலுக்கு மேல் ஓடும் ரயில்களில், பயணிகள் ஊழியரை அழைக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்றது. நம் ரயில்களின் அபாயச் சங்கிலியின் மூதாதை அதுதான்.

பெண்களுக்கோ அந்த அறையின் அபாயம் முன்பே தெரியும். 1875 ஜூன் 17 அன்று, ரெபெக்கா டிக்கின்சன் என்ற இளம்பெண் லண்டன் செல்லும் ரயிலில் முதல் வகுப்பு அறையில் தனியாக இருந்தார். லிப்புக் நிலையத்தில் ஒருவர் ஏறினார். கர்னல் வாலன்டைன் பேக்கர், புகழ்பெற்ற குதிரைப்படை அதிகாரி, பட்டத்து இளவரசரின் நண்பர். முதலில் நாகரிகமான பேச்சு. வோக்கிங் தாண்டியதும் தாக்குதல். டிக்கின்சன் கதவைத் திறந்து வெளியே இறங்கினார். ஓடுகிற ரயிலின் படிப்பலகையில் நின்றபடி, கதவைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய ஐந்து மைல் பயணம் செய்தார். வழியில் ஒரு நிலையத்தருகே கொத்தனார்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். ஈஷர் அருகே வண்டி நின்றது.

அவர் இறங்கியது தப்பிப்பதற்காக மட்டும்தான். ஆனால் அந்தப் படிப்பலகையில் நின்றதால்தான் அவருக்குச் சாட்சிகள் கிடைத்தார்கள் என்பதை நான் மறக்கவே முடியாது. அறைக்குள்ளேயே இருந்திருந்தால் ஒரு கர்னலின் சொல்லுக்கு எதிராக ஒரு பெண்ணின் சொல் மட்டுமே நின்றிருக்கும். ஆகஸ்டில் கிராய்டனில் வழக்கு நடந்தது. பலாத்கார முயற்சி என்ற பெரிய குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. மானபங்கக் குற்றம் உறுதியானது. ஓராண்டுச் சிறை, 500 பவுண்டு அபராதம், ராணுவத்திலிருந்து நீக்கம். பேக்கர் பின்னர் துருக்கியப் பேரரசின் படையில் சேர்ந்து பாஷா பட்டம் பெற்றார். எகிப்தின் காவல்படைத் தலைவராக இருந்தபோது 1887இல் இறந்தார். வரலாற்று நூல்களில் அவருக்கு இன்றும் தனிப் பக்கங்கள் உண்டு. டிக்கின்சனுக்கு அந்த ஐந்து மைல் மட்டுமே.

தனியாக வரும் பெண் பொய்ப்பழி சுமத்திவிடுவாளோ என்று ஆண்கள் அஞ்சத் தொடங்கியதும் அந்தக் காலத்துப் பேச்சில் இருக்கிறது. இதைக் கேட்டு என் மாணவிகள் சிரிப்பார்கள். இந்த வாதத்துக்கு 150 வயது ஆகிறது என்று சொன்னதும் சிரிப்பு நிற்கும். பிரிட்டனில் மகளிர் அறைகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தன. கடைசியாக 1977இல் அவையும் முடிவுக்கு வந்தன. ஆனால் நடைவழி இல்லாத அடைபட்ட அறைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1988இல் லண்டன் விக்டோரியா நிலையத்துக்கு வந்த புறநகர் ரயிலில், அப்படியொரு அறைக்குள், ஒரு இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார். அதன் பிறகுதான் அந்த வகைப் பெட்டிகளைக் கைவிடும் வேகம் கூடியது. டிக்கின்சன் படிப்பலகையில் நின்று அப்போது 113 ஆண்டுகள் ஆகியிருந்தன.

*

இந்த வரலாற்றின் இன்னொரு கிளை நம் ஊருக்கு வருகிறது. 1890இன் இந்திய ரயில்வே சட்டம், பயணிகள் ரயில் ஒவ்வொன்றிலும் கடைசி வகுப்பில் குறைந்தது ஓர் அறை பெண்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்றது. 50 மைலுக்கு மேல் ஓடும் வண்டியானால் அதில் கழிப்பறையும் வேண்டும் என்றது. கோஷா முறை குறித்த ஆட்சியாளர்களின் எண்ணமும் அதில் கலந்திருந்தது. 1989இன் சட்டத்திலும் மகளிர் ஒதுக்கீடு தொடர்கிறது. கல்லூரிக் காலத்தில் நான் படித்ததும், தூங்கியதும், முதல் கவிதையை எழுதியதும் மகளிர் பெட்டியில்தான். அது பாதுகாப்பா, ஒதுக்கிவைப்பா என்று இன்று என் மாணவிகள் விவாதிக்கிறார்கள். கடைசி ரயிலில், ஆளில்லாத மகளிர் பெட்டியில் ஏறியிருக்கும் யாருக்கும் இரண்டு பதில்களும் ஒரே நேரத்தில் தெரியும்.

அதனால் ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் பணிமனையின் குளிர்கால வேலையை வெறும் பழம்பொருள் ஆசை என்று நான் ஒதுக்க மாட்டேன். மெட்ரோபாலிடன் ரயில்வே 1898இலிருந்து 1900க்குள் கட்டிய சில பெட்டிகள் 1960வரை செஷம் கிளைப்பாதையில் ஓடிவிட்டு, 1961இல் புளூபெல்லுக்கு வந்தன. அத்தகைய பெட்டியில் ஏறி உட்காரும் ஒரு சிறுமிக்கு, புத்தகம் தர முடியாத ஒன்று கிடைக்கிறது. கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்கிறாள், கைப்பிடியைத் தேடுகிறாள், அது வெளியே இருக்கிறது. அந்த நொடியில் அவளுக்குக் கதையைச் சொல்ல ஒருவர் அருகே இருக்க வேண்டும். மகளிர் மட்டும் என்ற பழைய சீட்டைச் சன்னலில் மீண்டும் ஒட்டுகிறவர், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் கீழே இரண்டு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

சென்னையில் பெரம்பூர் பக்கம் 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் மரநிழலில் நிற்கின்றன. என் மாணவிகளை அங்கே அழைத்துச் செல்லும்போது ஒவ்வொரு பெட்டியிடமும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். இதை யார் தைத்தது? யார் கழுவியது? இதற்குள்ளிருந்து தப்பிக்க வேண்டியிருந்தால் கைப்பிடி எந்தப் பக்கம்?